அப்பாவின் கட்டிலருகே கழிந்த இரவுகளும் ஐந்து சொத்தைப் பற்களும்

பள்ளி ஆசிரியை, மதுரை:

அப்பா பக்கவாதத்தால் படுத்த படுக்கையான ஏழு மாதங்களும் என் வாய் வறண்டே கிடந்தது. மூன்றாவது பாடவேளைக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். செய்யுளை ஒருமுறை வாசித்து முடிப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடிப்பேன். வெயில்தான் காரணம் என்று நம்பியிருந்தேன். தொண்டையை நனைத்துக்கொள்ளப் பையில் எப்போதும் எலுமிச்சை மிட்டாய் இருக்கும். இரவில் கட்டிலருகே கண்விழிக்கும்போது, சர்க்கரை போட்ட தேநீரைக் குடுவையில் வைத்துக்கொண்டு விடியும்வரை மிடறு மிடறாகக் குடிப்பேன்.

பல் கூசத் தொடங்கிய பிறகே பல் மருத்துவரிடம் சென்றேன். ஈறை ஒட்டி ஐந்து பற்களில் சொத்தை இருந்தது. வீட்டுச் சூழலை விசாரித்த பிறகு அவர் விளக்கினார்: மனம் பதற்றத்திலேயே இருக்கும்போது உடலை உஷார் நிலையில் வைக்கும் பரிவு நரம்புகளின் கை ஓங்குவதால், நீர்த்த உமிழ்நீர் குறைந்து, சுரக்கும் கொஞ்சமும் பிசுபிசுப்பாகிவிடுகிறது, நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் அந்த நீர்தான் உணவுத் துணுக்குகளை அலசி, அமிலத்தை முறித்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லின் கடினமான மேலுறையான எனாமலுக்குத் திருப்பித் தருகிறது. வாயின் பி.எச். அளவு (அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குமாம். நானோ உமிழ்நீர் வற்றிய வாயில் மணிக்கொரு முறை சர்க்கரையையும் புளிப்பையும் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டால், கவலை பாதிக் குற்றவாளி. மறுபாதி அந்த மிட்டாய்.

நீரிழிவு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை. மிட்டாய்க்குப் பதில் சர்க்கரை இல்லாத சூயிங்கம், தேநீருக்குப் பதில் வெறும் தண்ணீர், ஃபுளோரைடு பற்பசை என மாறினேன். ஆயினும், தம்பி வந்து வாரத்தில் மூன்று இரவுகளைத் தான் ஏற்றுக்கொண்ட பிறகுதான் வாயில் ஈரம் தங்கியது.

கணக்காளர், கோவை:

தங்கள் பகிர்வைப் படித்ததும் என் தணிக்கைக் காலம் நினைவுக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் அரிசியைக் கொடுத்து மென்று துப்பச் சொல்லும் சோதனை நம் பழைய தர்மசாத்திரங்களில் உண்டு. அன்று என்னிடம் கொடுத்திருந்தால், வறண்ட வாயால் மெல்ல முடியாமல், ஒரு பைசா எடுக்காமலேயே மாட்டியிருப்பேன். எனக்கு நேர்ந்தது சற்று வேறு. இரவில் பல்லை நறநறவென்று கடித்ததால் கடைவாய்ப்பல் ஒன்று விரிசல் விட்டது. தலைவலிக்கென்று எழுதிக்கொடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரை வறட்சியை இன்னும் கூட்டியது. எல்லாம் மன அழுத்தத்தால்தான் என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். மாத்திரைச் சீட்டைப் பார்த்த பல் மருத்துவர், அதை நானாக நிறுத்தக் கூடாது என்று எச்சரித்து, எழுதிக்கொடுத்தவரிடமே திருப்பி அனுப்பினார்; அவர் அளவைக் குறைத்ததும் பெருமளவு சரியாயிற்று.

கல்லூரி மாணவி, திருச்சி:

தேர்வு நாள்களில் வாய்நாற்றத்துக்கு அஞ்சி, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் நான்கைந்து முறை கொப்பளித்து வந்தேன். எரிச்சலும் வறட்சியும் கூடியதுதான் மிச்சம். இப்போது மேசைமேல் தண்ணீர்ப் புட்டி மட்டுமே இருக்கிறது.