பழைய அம்பாசிடர் ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன்: மாட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். வண்டி 1978 மார்க் 3, 1489 சிசி பெட்ரோல். திண்டிவனம் ரோட்டில் விரட்டினாலும் சூடு ஏறாது, ஆனால் பெருங்களத்தூர் நெரிசலில் சிக்கினால் கொஞ்ச நேரத்தில் முள் சிவப்பைத் தொட்டுவிடும். இந்த வண்டியில் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்து சுற்றுவது, ஐடிலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படுவதே அப்போதுதான்.

ஃபேன் வாங்கும் முன் ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்தேன். மேல் டேங்கைப் பிரித்து டியூப் டியூபாகக் கம்பி விட்டுக் குத்தினார்கள், செங்காவி நிறத்தில் துரு குழம்பாக வந்து விழுந்தது. அதற்கே முள் ஓரளவு இறங்கியது. அடைத்த ரேடியேட்டருக்கு முன்னால் எந்த ஃபேன் ஓடியும் பயனில்லை.

அடுத்தது டைனமோ, அதாவது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பழைய சாமான், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நல்ல நிலையில் இருந்தாலே 22 ஆம்பியர்தான் தரும், அதுவும் வண்டி ஓடும்போது. ஐடிலில் சார்ஜே ஏறாது. மாருதி 800 ஃபேன் பத்து ஆம்பியர் வரை இழுக்கும், அதோடு ராத்திரியில் ஹெட்லைட்டும் எரிந்தால் சிக்னலில் நிற்கிற நேரமெல்லாம் பேட்டரியில் இருந்துதான் போகும். அதனால் டைனமோவுக்குப் பதில் ஐடிலிலும் சார்ஜ் தருகிற ஆல்டர்னேட்டர் முதலில், ஃபேன் அப்புறம். பழைய வண்டி சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடிக்குப் போவது) இருக்கும், பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள், மாற்றிக் கொடுத்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு அந்த நொடியே போய்விடும்.

ஃபேன் புதுப்பேட்டையில் எடுத்தது. ஒரிஜினல் இறக்கையைக் கழற்றிவிட்டு இன்ஜின் பக்கமே மாட்டினோம். அந்த நான்கு போல்ட்தான் புல்லியையும் பிடித்திருக்கிறது, இறக்கை போனதும் போல்ட் நீளம் மிஞ்சி உள்ளே பம்ப் பாடியில் இடிக்கும், குட்டை போல்ட் போட வேண்டும். ரேடியேட்டர் ஜாலிக்குள் பிளாஸ்டிக் டை விட்டுக் கட்டுவதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதிர்வில் டியூபை அறுத்துவிடும். ரேடியேட்டரின் சட்டத்தில் பட்டை இரும்பில் பிராக்கெட் அடித்து மாட்டுங்கள்.

எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் போதும் என்றார். நான் சம்மதிக்கவில்லை. வண்டியை வேறு யாராவது எடுத்துப்போய் சுவிட்சைப் போட மறந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். 92 டிகிரி சூட்டில் தானே போட்டு 87 டிகிரியில் நிறுத்துகிற தெர்மோ சுவிட்ச், 30 ஆம்பியர் ரிலே, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் என்று வைத்தேன். ரிலேயின் கால்களில் போட்டிருக்கும் எண்படி 30-ல் பேட்டரி, 87-ல் ஃபேன், 86-க்கு இக்னிஷன், 85 தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த். ஃபேனின் எர்த்தை பெயின்ட் சுரண்டிய இரும்பில் முறுக்குங்கள்.

இப்போது நெரிசலில் முள் பாதியைத் தாண்டி ஒரு விரல் ஏறும், ஃபேன் போடும், இறங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் மனசுக்கு அவ்வளவு நிம்மதி.

பதில்:
அண்ணே, என்னுடையது பிரீமியர் பத்மினி கார். வாட்டர் பம்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இடம் போதாமல் கிரில் பக்கம் முன்னால் மாட்டினோம். ஓடுகிறது, ஆனால் ஹைவேயில் முன்பை விடக் கொஞ்சம் சூடு கூடத் தெரிகிறது. டைனமோவை முதலிலேயே மாற்றிவிட்டேன்.

பதில்:
தம்பி, முன்னால் வைத்தால் மோட்டாரே வருகிற காற்றை மறைக்கும், கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் அதற்கு முன் ஒன்று பாருங்கள். பின்னால் மாட்டுகிற ஃபேனை அப்படியே முன்னால் வைத்தால் வருகிற காற்றுக்கு எதிராக ஊதும். ஃபேன் ஓடும்போது இன்ஜின் பக்கம் ரேடியேட்டர் மேல் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் உங்கள் பக்கம் பறந்தால் சரி, ஜாலியில் ஒட்டிக்கொண்டால் ஒயரை மாற்றிக் கொடுங்கள். மாற்றிச் சுற்றினாலும் அந்த இறக்கை முழு வேகத்தில் தள்ளாது, முன்னால் வைப்பதற்கென்றே வருகிற ஃபேன் கிடைத்தால் அதையே வாங்கிவிடுங்கள்.