கிளாசிக்கல் கிட்டார்ல எழுதினதை மட்டும்தான் வாசிக்கணுமா?

ஆறுகம்பி:
2016-ல காலமான பிரெஞ்சு கிட்டார் கலைஞர் ரோலான் தியான்ஸ், கச்சேரியை எப்பவும் அந்த நேரத்துல தோணினதை வாசிச்சுத்தான் ஆரம்பிப்பார். அரங்கத்தோட ஒலி, கிட்டாரோட மூடு எல்லாம் அதுலயே பிடிபட்டுடும். இப்ப யார் அப்படி வாசிக்கிறாங்க? முதல் சுரத்துலேருந்து கடைசிச் சுரம் வரைக்கும் மனப்பாடம். இதுக்கு ரெக்கார்டே போதுமே?

நகக்கண்:
ஒரு தியான்ஸைக் காட்டி எல்லாரையும் அடிக்காதீங்க. முதல் கம்பியை அழுத்தாம மீட்டினா வர்ற அதே 'ஈ', இரண்டாம் கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்ல (கழுத்துல இருக்கற ஐந்தாம் கட்டத்துல) அழுத்தினா வேற குரல்ல வரும், விப்ராட்டோவும் (சுரத்தை லேசா அசைக்கிறது) சேர்க்கலாம். வலது கை, கம்பியைக் கட்டியிருக்கிற பிரிட்ஜ் பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலே ஒலியோட நிறம் மாறிடும். அதை மேடையில அந்த நொடி முடிவு பண்றவங்க இருக்காங்க. அந்த நேரத்துல தோணினதை வாசிக்கிறதுன்னா அதுதான் எனக்கு. கர்நாடகக் காதோட வந்து உட்கார்ந்துட்டு "மனோதர்மம் எங்கே"ன்னு கேட்டா எப்படி?

ஆறுகம்பி:
மனோதர்மத்தை நான் இங்கேருந்து ஏற்றுமதி பண்ணல சார். ஸ்பெயின்காரர் நார்வாயேஸ் 1538-ல அச்சிட்ட விஹுவேலா (கிட்டார் மாதிரி இருந்த பழைய வாத்தியம்) புத்தகத்துல 'குவார்தமே லாஸ் வாக்காஸ்'ங்கிற உருப்படி இருக்கு. கீழே அதே பாஸ் (அடித்தள மந்தர சுரங்கள்) திரும்பத் திரும்ப வரும், மேலே ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேலைப்பாடு. இப்படி ஒரு பாஸ் மேல கைக்கு வந்ததை வாசிக்கிறது அன்னைக்கு வாத்தியக்காரனோட அன்றாடத் தொழில். நாம அச்சான தாளை மட்டும் பிடிச்சுக்கிட்டோம்.

இன்னொண்ணு. பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் 1951-ல எழுதின கிட்டார் கன்செர்ட்டோவுல (ஆர்கெஸ்ட்ராவோட தனி வாத்தியம் வாசிக்கிற உருப்படி) கடென்ஸா இல்லைன்னு ஸ்பானிய கிட்டார் மேதை செகோவியாவுக்குக் குறை. கடென்ஸாங்கிறதே வாத்தியக்காரன் இஷ்டத்துக்கு வாசிக்க விட்ட இடம். மனுஷன் என்ன செஞ்சார்? தானே வாசிக்காம, எழுதிக் கொடுங்கன்னு இசையமைப்பாளர்கிட்டயே கேட்டு வாங்கினார்!

டீச்சரம்மா:
நான் சொல்லித்தர்றவ. லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தற கிரேடு தேர்வுல இம்ப்ரவைசேஷனை, அதாவது அந்த நேரத்துல தோணினதை வாசிக்கிறதை, துணைச் சோதனையா எடுக்கலாம். என்கிட்ட ஒரு பிள்ளையும் எடுக்கறதில்ல. "தப்பா போயிட்டா?"ங்கிறதுதான் பயம். பெத்தவங்களுக்கு அதைவிடப் பயம்.

நகக்கண்:
பயம் நியாயம்தானே? ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் ப்ரிட்டன் 1963-ல எழுதின 'நாக்டர்னல்'ங்கிற கிட்டார் உருப்படியை எடுத்துக்குங்க. ஒரு பாட்டை மாத்தி மாத்திச் செய்யற வேரியேஷன் எல்லாம் முன்னாடி வரும், பழைய லூட் கலைஞர் டவ்லண்டோட மூலப் பாட்டு கடைசியிலதான் வெளிய வரும். அவ்வளவு கணக்கா கட்டின கட்டடத்துல உங்க கற்பனைக்கு எங்கே ஜன்னல் வைப்பீங்க? பாக் எழுதின சரபாந்துல (மெதுவான நடன உருப்படி) ஒரு பகுதியை ரெண்டாவது முறை வாசிக்கும்போது ரெண்டு அலங்காரம் சேருங்க, அது வழக்கம், நானும் செய்யறேன். அதுக்கு மேல போனா வாத்தியக்காரர் பெருமைதான் கேட்கும்.

ஆறுகம்பி:
நாக்டர்னல்ல கை வைக்கச் சொன்னேனா? கச்சேரியில ரெண்டு உருப்படிக்கு நடுவுல இருக்கற இடத்தைத்தான் கேட்கறேன். டீச்சரம்மா, பிள்ளைங்களுக்கு அந்த நார்வாயேஸ் பாஸையே கொடுங்க: ஸி, ஜி, ஏ, ஈ, மறுபடி ஸி, ஜி, அப்புறம் ஏ, ஈ, ஏ. கட்டைவிரல் அதை விடாம பிடிச்சுக்கட்டும். மேல ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு சுரம் மாத்தினா போதும். தப்பாப் போறதுக்கு அங்கே இடமே கம்மி.

டீச்சரம்மா:
சனிக்கிழமை கிளாஸ்ல போட்டுப் பார்க்கறேன்.

நகக்கண்:
பாருங்க. ஆனா அந்தப் பிள்ளைங்க முதல்ல சோர் எழுதின எட்யூடை (பயிற்சி உருப்படி) ஒழுங்கா வாசிக்கட்டும்.