‘இன்னேட் இம்யூனிட்டி’: ‘பிறவி’ வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் நோய் பற்றிய கட்டுரையில் ‘இன்னேட் இம்யூன் ஜீன்கள்’ (முன்பின் சந்திக்காத கிருமியையும் உடல் உடனே எதிர்க்க உதவும் மரபணுக்கள்) வருகின்றன, ‘பிறவி நோயெதிர்ப்பு மரபணுக்கள்’ என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேறு நோயென்றால் சரி என்றிருப்பேன். இங்கே வேண்டாம்.

ஹெபடைட்டிஸ் பி-யில் பிறப்பு என்றாலே வேறொரு பேச்சு. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது நாள்பட்ட நோயாகிவிடுகிறது. வளர்ந்தபின் தொற்றியவர்களில் அப்படி ஆவது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான். அதே பக்கத்தில் ‘பிறவி நோயெதிர்ப்பு’ என்றும் இருந்தால், குழந்தைக்குப் பிறக்கும்போதே காப்பு இருக்கிறது போலும், ஊசி எதற்கு என்று ஒரு தாய் நினைத்துவிடக்கூடும். அந்த அபாயம் நமக்கு வேண்டாம்.

‘இயற்கை எதிர்ப்பாற்றல்’ என்பதும் உதவாது. நோய் வந்து போனபின் கிடைக்கும் காப்பையும் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

‘உள்ளார்ந்த’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் அதை வேறொன்றுக்கு எடுத்துவைக்க வேண்டும். வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் வந்தால் இரண்டு விதமான எதிர்ப்பு உண்டு. ஒன்று, உணரிப் புரதங்கள் அந்நிய மரபுப்பொருளைக் கண்டுகொண்டு, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரந்து, அதன்பின் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் முடுக்கப்படுவது. கட்டுரை பேசுவது இதைத்தான். ஹெபடைட்டிஸ் சி இதை நன்றாகவே தூண்டிவிடும். ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. 2004-இல் வெளியான சிம்பன்சி ஆய்வில், வைரஸ் கல்லீரல் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தபோதும் இந்த மரபணுக்கள் அசையவே இல்லை. டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் கல்லீரலுக்குள் வந்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது.

இன்னொன்று, எந்தத் தூண்டுதலும் இல்லாமல் செல்லில் எப்போதும் இருக்கும் தடை. எஸ்எம்சி 5/6 என்ற புரதத் தொகுதி செல்லின் சொந்த டிஎன்ஏ-வைப் பராமரிப்பது. உட்கருவில் வட்டமாகத் தங்கிவிடும் வைரஸ் டிஎன்ஏ-வையும் அது முடக்கிவைக்கிறது. வைரஸோ தன் எக்ஸ் புரதத்தைக் கொண்டு அந்தத் தொகுதியைச் சிதைத்துவிடுகிறது. ஆய்வாளர்கள் இந்த வகையை ‘இன்ட்ரின்சிக்’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். ‘உள்ளார்ந்த’ இதற்குத்தான் அச்சாகப் பொருந்தும். முன்னதற்கே கொடுத்துவிட்டால் இதற்கு எங்கே போவது?

ஆகவே என் பரிந்துரை ‘இயல்பு நோயெதிர்ப்பு’. முன்பின் பழக்கமில்லாத கிருமியையும் எதிர்க்கும் என்பது இதில் வந்துவிடுகிறது. சுருக்கி ‘இயல்பெதிர்ப்பு’ எனலாமே என்று தோன்றும், ஆனால் இயல்பை எதிர்ப்பது என்றும் படிக்க இடமிருக்கிறது. நீளமாகவே இருக்கட்டும். கிருமியைச் சந்தித்தபின் உருவாகும் ‘அடாப்டிவ்’ வகைக்கு ‘ஈட்டிய நோயெதிர்ப்பு’ என்று வைத்தால் இரண்டும் எதிரெதிராக நிற்கும்.

அப்புறம், இலங்கை நண்பர்கள் நோயெதிர்ப்பை ‘நிர்ப்பீடனம்’ என்பார்கள். ‘இயல்பு நிர்ப்பீடனம்’ உங்கள் காதுக்கு ஒத்துவருகிறதா? சொல்லுங்கள், இரண்டையும் சேர்த்தே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.