அம்மாவுக்கு ஏ.எல்.பி. 212, மற்ற லிவர் டெஸ்ட் எல்லாம் நார்மல்: என்ன அர்த்தம்?

நொய்யல்கரை:
அம்மாவுக்கு 58 வயது. செக்கப்பில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் (ஏ.எல்.பி.) 212 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. லேப் போட்டிருக்கும் அளவு 40 முதல் 130. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிலிரூபின் மூன்றும் அளவுக்குள்தான். லிவர் தலைப்பின் கீழ் இருப்பதால் பயந்துபோய், பெரியம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். டாக்டரிடம் வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது. என்ன கேட்க வேண்டும்?

சோதனைக்குழாய்:
லேபில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. ஏ.எல்.பி. ஒரு என்சைம். லிவரிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். குடலிலிருந்து கொஞ்சம், கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியிலிருந்தும். மெஷின் மொத்தத்தைத்தான் அளக்கும். எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஜிஜிடி என்ற இன்னொரு லிவர் என்சைம் டெஸ்ட் வேண்டும். பித்தக்குழாயில் கல், அடைப்பு என்றால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து ஏறும். எலும்புச் சமாச்சாரத்தில் ஜிஜிடி அசையாது. ரிப்போர்ட்டின் அடுத்த பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். சாப்பிட்டுவிட்டா ரத்தம் கொடுத்தார்? ரத்த வகை ‘ஓ’ அல்லது ‘பி’ குரூப்காரர்களில் சிலருக்கு எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்று ஏறும்.

நொய்யல்கரை:
வெறும் வயிற்றில்தான். ஜிஜிடி 24, நார்மல் என்று இருக்கிறது. அப்போ எலும்பா? இடுப்பும் தொடையும் வலிக்கிறது என்பார், தரையிலிருந்து கையூன்றித்தான் எழுவார். கேட்டால் வயசாயிடுச்சு என்கிறார்.

மாடிப்படி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் 13 வயது பையனுக்கு 320. இதுவும் எலும்பா?

சோதனைக்குழாய்:
வளர்கிற வயதுங்க. பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டால் எல்லாப் பிள்ளைக்கும் கூடுதலாகத்தான் தெரியும். அவன் வயதுக்கான அளவைக் கேட்டு வாங்குங்கள்.

வார்டு ரவுண்ட்ஸ் (பொது மருத்துவர்):
நொய்யல்கரை, அந்த வலிதான் முக்கியமான தகவல். டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். விட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியாவில் தொடைத் தசையும் தளரும், ஏ.எல்.பி.யும் ஏறும். எலும்பு அடர்த்தி மட்டும் குறையும் ஆஸ்டியோபொரோசிஸில், எலும்பு முறிவு இல்லாதவரை, பொதுவாக ஏறாது. விட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், கிட்னிக்கான கிரியேட்டினின், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பி.டி.எச். ஹார்மோன் பார்க்கச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். வேறு எலும்பு நோய்களும் உண்டு, முடிவை அவரிடமே விடுங்கள். கடையில் விட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். கீழாநெல்லிக்கும் இங்கே வேலை இல்லை. கண் மஞ்சள், உடம்பு அரிப்பு, வெளிறிய மலம், காய்ச்சலோடு வயிற்றுவலி, இதில் ஏதாவது இருந்தால் வெள்ளி வரை காத்திருக்காதீர்கள்.

நொய்யல்கரை:
பார்த்துவிட்டு வந்தோம். விட்டமின் டி 7தான், ரொம்பக் குறைவு, கால்சியம் கீழ்க்கோட்டில், பி.டி.எச். கூடுதல். மருந்து தொடங்கி ஒரு மாதம் ஆகிறது, எழுந்து நடப்பது பரவாயில்லை. ஆனால் ஏ.எல்.பி. இன்னும் 205. மருந்து வேலை செய்யவில்லையா?

வார்டு ரவுண்ட்ஸ்:
செய்கிறது. எலும்பு புதிதாகக் கெட்டிப்படும்போது ஏ.எல்.பி. உடனே இறங்காது, சிலருக்கு முதலில் இன்னும் ஏறும். இறங்க மாதக்கணக்கு ஆகும். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னால் மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டாம், காசுதான் வீண்.