மேலாளர் அறிக்கையில் ‘கன்விக்ஷன்ஸ்’ என்று எழுதியிருக்கிறார்: விசாவுக்கு ஆபத்தா?

கேட்டவர்: வணக்கம். பிரிட்டனுக்குச் செவிலியராக வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. தகுதிகாண் கால அறிக்கையில் மேலாளர் எனக்குக் ‘கன்விக்ஷன்ஸ்’ இருப்பதாக எழுதியிருக்கிறார். விசா விண்ணப்பத்தில் குற்றத்தீர்ப்பு ஏதேனும் உண்டா என்று அதே சொல்லால் கேட்ட இடத்தில் ‘இல்லை’ என்று நிரப்பியிருந்தேன். என்மீது எந்த வழக்கும் இருந்ததில்லை. நாளை காலை கையெழுத்திட வேண்டும். உறக்கம் வரவில்லை.

பதில் 1: கையெழுத்திடாதீர்கள் சகோதரி, முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். நான் வந்த புதிதில் ஊரிலிருந்து காவல்துறைச் சான்றிதழ் வந்து சேர்வதற்குள் கையிலிருந்த பணமெல்லாம் கரைந்துவிட்டது.

பதில் 2: வழக்கறிஞர் தேவையில்லை. ‘கரேஜ் ஆஃப் ஹெர் கன்விக்ஷன்ஸ்’ என்று இருக்கும். ஆனால் பாராட்டு என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பிடிவாதக்காரி என்பதை இவர்கள் நாசூக்காகச் சொல்கிறார்கள்.

பதில் 3: உண்மைதான், இங்கே எதையும் நேராகச் சொல்வதில்லை. என் யோசனை ஒன்றை மேலாளர் ‘இன்ட்ரஸ்டிங்’ என்றதை நம்பி மூன்று வாரம் உழைத்தேன். அது மறுப்பு என்று பிறகுதான் புரிந்தது.

பதில் 4: முழு வாக்கியத்தையும் எழுதுங்கள் அம்மா. அது தெரியாமல் எல்லோரும் ஊகித்துக்கொண்டிருக்கிறோம்.

கேட்டவர்: பதில் 2 சொன்ன தொடர்தான். மருந்துச் சீட்டில் அளவு தெளிவாக இல்லாததால், மூத்த செவிலியர் அவசரப்படுத்தியபோதும், மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க மாட்டேன் என்று மறுத்தேன். அதைக் குறிப்பிட்டுவிட்டு அடுத்த வரியில் இப்படி எழுதியிருக்கிறார்.

பதில் 4: அப்படியானால் இது பாராட்டேதான். ‘கன்விக்ஷன்’ என்பதற்குக் குற்றத்தீர்ப்பு, ஆழ்ந்த நம்பிக்கை என இரு பொருள்கள் உண்டு. இரண்டும் வெல்லுதலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. ‘கரேஜ்’ உடன் வந்தால் இரண்டாவது பொருள்தான்: சரியென்று மனம் ஏற்றதை, எதிர்ப்பு வருமென்று தெரிந்தே செய்துகாட்டும் நெஞ்சுரம். நாம் ஏற்காத கருத்துடையவரையும் இத்தொடரால் பாராட்டலாம் என்பதால்தான் சிலருக்குப் பிடிவாதம் என்று தோன்றுகிறது. சொன்னதில் விடாமல் நிற்பதைக் குறிக்கும் ‘ஸ்டிக் டு யுவர் கன்ஸ்’ என்பதை விலை பேசும்போதுகூடச் சொல்லலாம். ஆனால் உங்கள் மேலாளர் எழுதிய தொடருக்கு மனசாட்சி சார்ந்த ஒரு காரணம் வேண்டும். நீங்கள் பயன்படுத்தும்போது பன்மையிலேயே முழுத் தொடராகச் சொல்லுங்கள். ‘எனக்குக் கன்விக்ஷன்ஸ் உண்டு’ என்று மட்டும் சொன்னால், குற்றப் பின்னணி உள்ளவர் என்றே கேட்பவர் எண்ணக்கூடும்.

விசாப் படிவம் கேட்டது குற்றத்தீர்ப்பை. உங்கள் பதிலில் பிழையில்லை. கையெழுத்திட்டு நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே செவிலியர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலில் உங்கள் பதிவை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது, உங்கள் பணியைப் பற்றிப் பிறர் கூறிய 5 கருத்துகளைக் காட்ட வேண்டியிருக்கும். இந்த வரியையே முதலாவதாகக் குறித்துவையுங்கள்.