நெடுநாள் பாய்மரப் பயணத்திற்கு எந்த மருத்துவக் காப்பீடு?

நங்கூரம் (கேள்வி):
வணக்கம். நானும் என் மனைவியும் எங்கள் 38 அடி பாய்மரப் படகில் கேனரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனுக்கும், பின்னர் பனாமா கால்வாய் வழியே பசிபிக்கிற்கும் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். மூன்று ஆண்டுகளாவது ஆகும். எனக்கு வயது 57. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். பயணக் காப்பீடு மலிவாக இருக்கிறது. பன்னாட்டு மருத்துவக் காப்பீட்டுக்குப் பல மடங்கு கேட்கிறார்கள். எங்களுக்கு எது பொருந்தும்? எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

தென்றல்:
பயணக் காப்பீடு, சில வாரங்களில் வீடு திரும்புகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுவது. ஆண்டு முழுவதற்குமான பாலிசியிலும்கூட, ஒரு பயணம் இத்தனை நாளைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு பெரும்பாலும் இருக்கும். உடல்நிலை சற்றுத் தேறியதும் உங்களைச் சொந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் பொறுப்பு முடிந்தது. தொடர்சிகிச்சை உங்கள் செலவு. மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் புதுப்பிக்கக்கூடிய பன்னாட்டுக் காப்பீடுதான் சரி. அமெரிக்காவை விலக்கி எடுத்தால் பிரீமியம் நன்றாகவே குறையும். ஆனால் போர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்க வர்ஜின் தீவுகளும் அமெரிக்க ஆட்சிப்பகுதிகள். கரீபியனில் அங்கே தங்கும் எண்ணமிருந்தால், அவை எந்தக் கணக்கில் வருகின்றன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரத்த அழுத்தத்தை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு நாளை இதயக் கோளாறுக்கு கிளைம் கேட்டால், முதலில் தோண்டி எடுப்பது அதைத்தான்.

வடகடல்:
தொகையை விட, விபத்து எங்கே நடந்தால் பணம் தருவார்கள் என்பதை முதலில் பாருங்கள். சில பாலிசிகள் கரையிலிருந்து குறிப்பிட்ட கடல் மைல்களுக்கு அப்பால் பாய்மரம் ஓட்டுவதை ஆபத்தான விளையாட்டு என்று விலக்கிவிடுகின்றன. பந்தயம் என்றால் இன்னும் பல பாலிசிகள் கைவிரித்துவிடும். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பாயின் கயிற்றை வின்ச்சில் (கயிற்றை இழுத்து இறுக்கும் உருளையில்) சுற்றும்போது நடுவிரல் சிக்கி, மேல் கணு நசுங்கிவிட்டது. தீவு மருத்துவமனையில் முன்பணம் கட்டிய பிறகே உள்ளே விட்டார்கள். பின்னர் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டது மருத்துவ அறிக்கையை அல்ல, விபத்து நடந்த இடத்தை. படகின் பயணப் பதிவேட்டில் என் மனைவி எழுதியிருந்த ஒரு வரி, ‘14:20, விரல் நசுங்கியது’ என்பதும் அதனருகே இருந்த அட்சரேகை, தீர்க்கரேகையும்தான் எங்களைக் காப்பாற்றின. வரம்புக்கு உள்ளே ஏழு மைல் இருந்தோம்.

மருத்துவ வெளியேற்றத்துக்கான, அதாவது நோயாளியை வேறிடத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதற்கான பிரிவைத் தனியாகப் படியுங்கள். மருத்துவமனைச் செலவுக்குப் பெருந்தொகை தரும் பாலிசியில்கூட இது இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், தகுந்த வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குத்தான் பெரும்பாலும் கொண்டுசெல்வார்கள், வீட்டுக்கு அல்ல. அவர்களுடைய உதவி மையத்தின் முன் அனுமதியின்றி நீங்களே விமானம் அமர்த்தினால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். அந்த மையத்தின் எண்ணைச் செயற்கைக்கோள் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். கட்டணமில்லா எண்கள் அதில் பல நேரங்களில் இணைவதில்லை.

நங்கூரம்:
இருவருக்கும் நன்றி. நடுக்கடலில் நெஞ்சுவலி வந்தால் இந்த வெளியேற்றப் பிரிவு உதவுமா?

வடகடல்:
உதவாது. கேனரியிலிருந்து கரீபியன் சுமார் 2,700 கடல் மைல். உங்கள் படகுக்கு மூன்று வாரம் என்று வையுங்கள். ஹெலிகாப்டர் எட்டுவது கரையிலிருந்து சில நூறு மைல்தான். அதற்கு அப்பால், மீட்பு ஒருங்கிணைப்பு மையம் அருகில் செல்லும் சரக்குக் கப்பலைத் திருப்பி அனுப்பும். உயிரைக் காப்பதற்கு அவர்கள் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை. காப்பீட்டின் வேலை நீங்கள் கரையேறிய பிறகுதான் தொடங்குகிறது. அதுவரை உங்களுக்குத் தேவை மருத்துவரின் குரல். ரோம் நகரிலுள்ள சி.ஐ.ஆர்.எம். என்ற மையம் 1935 முதல் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக மருத்துவ ஆலோசனை தந்துவருகிறது. உங்கள் இசிஜி நகலையும், மாத்திரைகளின் வணிகப் பெயரல்லாமல் மூலப்பெயரையும் படகில் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்றல்:
ஒன்று விட்டுப்போயிற்று. உங்களைச் சரக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டால், படகில் உங்கள் மனைவி மட்டுமே இருப்பார். நெடுங்கடலில் ஒருவர் மட்டும் படகை ஓட்டுவதைப் பல படகுக் காப்பீடுகள் ஏற்பதில்லை. மருத்துவப் பாலிசியில் கையெழுத்திடும் முன், அந்த நிலையில் என்ன செய்வார்கள் என்று படகுக் காப்பீட்டாளரிடமும் கேட்டுவிடுங்கள்.