‘பெரிய வீடு’ குழுவில் தேக்குப் பெட்டி

*வெள்ளிக்கிழமை*

சேகர்: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு அன்று அப்பாவின் முதல் வருடத் திதி. திங்கட்கிழமை வீட்டுச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். பரணில் இருந்த தேக்குப் பெட்டியை இறக்கிவிட்டேன். முழுக்கப் புத்தகம். பழைய பேப்பர்காரரை நாளை காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வேண்டியவர்கள் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

சேகர்: [படம்] [படம்] [படம்]

கலா: ஐயோ, அந்தப் பெட்டியா!

விஜயா: அதில் அம்மாவின் வெள்ளிச் சிமிழ் இருக்கிறதா என்று பார்.

சேகர்: இல்லை அக்கா. புத்தகமும் அந்துருண்டையும்தான்.

விஜயா: நன்றாகப் பார்.

மூர்த்தி: சேகர், பேப்பர்காரரை வர வேண்டாம் என்று உடனே சொல். அது எடைக்குப் போடுகிற பெட்டி இல்லை. அதில் இருப்பது முழுவதும் நகைச்சுவை. அப்பா தனியாகப் பிரித்து வைத்தது. படத்தில் அடியில் தெரிகிற சிவப்பு முதுகு போட்ட நான்கும் நம் தாத்தா வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டி, தைத்து, காலிகோத் துணி ஒட்டிய தொடர்கள். மேலே இருப்பவை அப்பா கட்டியவை. விவரமாக எழுதுகிறேன், எல்லோரும் படியுங்கள்.

கலா: அண்ணா எழுதத் தொடங்கிவிட்டார்.

கார்த்தி: அப்பா, இவையெல்லாம் புதிய பதிப்பாகவே கிடைக்கின்றன. நான் ஒரு தொகுதி வாங்கித் தருகிறேன்.

விஜயா: உழவன் ரயிலில் சனி இரவு டிக்கெட் உறுதியாகிவிட்டது. எனக்கும் இவருக்கும். அதிகாலையில் ஸ்டேஷனுக்கு யார் வருகிறீர்கள்?

மூர்த்தி: கார்த்தி, புதிய பதிப்பு கிடைக்கட்டும். நல்லதுதான். ஆனால் இதைக் கேள். விகடனில் நகைச்சுவைத் தொடர்கள் எழுதிய தேவன் 1957இல் காலமானார், நாற்பத்து நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய தொடர்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் புத்தகமாயின. அதுவரை ‘துப்பறியும் சாம்பு’வை இன்னொரு முறை படிக்க வேண்டுமென்றால் ஒரே வழி, வாராவாரம் பக்கங்களை வெட்டிச் சேர்த்துக் கட்டுவதுதான். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். அது வெறும் கதை இல்லை. ராஜு வரைந்த படம் அந்தந்த இடத்தில் இருக்கும். அசட்டு முகத்தோடு சாம்பு நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாம் வரியைப் படிப்போம். பல மறுபதிப்புகளில் அந்தப் படம் இல்லை. படம் போனால் சிரிப்பில் பாதி போய்விடுகிறது.

சேகர்: அண்ணா, படிக்கிறேன். ஆனால் பெட்டியை எங்கே வைப்பது? நான் போகிற வாடகை வீட்டில் இரண்டே அறை.

விஜயா: ஸ்டேஷனுக்கு யார்?

சேகர்: நான் வருகிறேன் அக்கா.

பாலு சித்தப்பா: [குரல் பதிவு 2:41]

தீபா: சின்னத் தாத்தா என்ன சொல்கிறார்? நான் அலுவலகத்தில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை.

கலா: ‘நல்லதம்பி’ படத்தில் என்.எஸ்.கே. நடத்திய கிந்தனார் காலட்சேபம் பற்றி. முழுவதையும் பாடியே காட்டுகிறார். கடைசியில் கும்பகோணத்திலிருந்து எத்தனை மணி பஸ் வசதி என்று கேட்கிறார்.

சேகர்: சித்தப்பா, பஸ் வேண்டாம். கார் அனுப்புகிறேன்.

மூர்த்தி: சித்தப்பா சொன்னது பொருத்தமானது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் அச்சிலேயே, படிக்க ஆசைப்பட்ட ஒரு பிள்ளை ஊரைவிட்டுப் போய்ப் படித்துவிட்டுத் திரும்புகிற கதையைச் சொன்னார் கலைவாணர். படம் வந்தது 1949இல். சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சிரிப்பு என்றால் இலேசான சரக்கு என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் அப்பா பதிலாகச் சொல்வார்.

கலா: சிவப்பு முதுகு நான்குதானா? ஐந்து இருக்க வேண்டுமே.

சேகர்: நான்குதான்.

கலா: சாம்பு முதல் பாகம்!

விஜயா: இதை மறுபடியும் எடுக்காதே, கலா.

கலா: நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும்போது ரயிலில் படிக்க எடுத்துப்போனார்கள். அவ்வளவுதான் சொன்னேன்.

விஜயா: என் மாமனார் அதைத் திருப்பிக் கொடுத்தார். நம் வீட்டில்தான் யாரும் வாங்கி உள்ளே வைக்கவில்லை.

தீபா: அம்மா, நம் வீட்டு மாடி அலமாரியில் சிவப்புக் காலிகோ போட்ட ஒன்று இருக்கிறதே?

விஜயா: அது வேறு.

கலா: என்ன வேறு?

விஜயா: கந்த புராணம்.

கார்த்தி: படம் எடுத்து அனுப்புங்கள் அத்தை.

விஜயா: மாடிக்கு ஏற முடியாது. முழங்கால்.

மாலதி: ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சமையல்காரர் கேட்கிறார். இன்று சொன்னால்தான் காய் வாங்குவார்.

கலா: எண்ணிவிட்டேன், 23.

சேகர்: நானும் எண்ணினேன். 24 வருகிறது.

கலா: இல்லை, 23தான். பெயர் எழுதிப் பார்த்தேன்.

தீபா: சித்தி, உங்களைச் சேர்த்தீர்களா?

கலா: …

சேகர்: பரமார்த்த குருவின் சீடர்கள்!

கார்த்தி: ஆற்றைக் கடந்ததும் எல்லோரையும் எண்ணிவிட்டுத் தன்னை எண்ண மறந்த கதை. தாத்தா சொல்லி எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!

தீபா: நேற்றுத்தான் என் மகனுக்குச் சொன்னேன். ஆறு தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பார்களே, அந்த இடத்தில் அவன் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். “சுர்” என்று ஒலி எழுப்பி இன்னொரு முறை சொல் என்கிறான். சிங்கப்பூரில் பிறந்த பையன், ஆறே பார்த்ததில்லை!

மூர்த்தி: தீபா, மிக்க மகிழ்ச்சி. அந்தக் கதையை எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். 1747இல் காலமானார். 1822இல் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். நம் பெட்டியில் இருப்பது பிற்காலத்துப் பள்ளிப் பதிப்பு, அட்டை இல்லாதது. அதை உன் மகனுக்கு எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

சேகர்: அண்ணா, ஒரு புத்தகத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. மீதிக்கு?

மூர்த்தி: வருகிறேன். நம் ஊரைப் பற்றி ஒன்றை மறக்கக் கூடாது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வந்தது, தமிழின் முதல் நாவல். எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தவர். நாவல் என்ற பெயரில் பாதிக்கு மேல் வேடிக்கைக் கதைகள்தான். கல்கி பிறந்த புத்தமங்கலம் நம் பக்கத்து ஊர். தேவன் பிறந்தது திருவிடைமருதூரில், ரயிலில் போனால் கும்பகோணத்துக்கு முன்னால் வருகிறது. கல்கி 1941இல் சொந்தப் பத்திரிகை தொடங்கப் போனபிறகு விகடனில் ஆசிரியர் பொறுப்புக்கு வந்தவர் தேவன். இத்தனை பேரும் இந்த ஆற்றங்கரைக்காரர்கள். அப்பா இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மிடுக்கு வரும், ஞாபகம் இருக்கிறதா?

கலா: இருக்கிறது அண்ணா.

பாலு சித்தப்பா: அப்புசாமி இருந்தால் எனக்கு வேண்டும்.

சேகர்: இருக்கிறது சித்தப்பா. மூன்று.

பாலு சித்தப்பா: மூன்றும்.

விஜயா: அம்மாவை அப்பா சீதாப்பாட்டி என்றுதான் கூப்பிடுவார். அம்மாவுக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் வந்துவிடும்.

கலா: கோபத்தோடு ஆங்கிலம். ஆங்கிலத்தோடு காபி இல்லை.

பாலு சித்தப்பா: அந்தப் பெயரை வைத்தவன் நான்.

மூர்த்தி: அப்புசாமி, சீதாப்பாட்டி கதைகளை எழுதிய பாக்கியம் ராமசாமி என்பதும் ஜ.ரா. சுந்தரேசன் தன் தாய் பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்ட பெயர். சேகர், ‘வாஷிங்டனில் திருமணம்’ இருக்கிறதா? அப்பா கட்டியது. கோபுலுவின் படத்தோடு.

சேகர்: [படம்]

கார்த்தி: ஆஹா, இந்தக் கோடுகள்! மாடியில் அப்பளம் உலர்த்துகிற பாட்டிகள்!

மூர்த்தி: பார்த்தாயா? தஞ்சாவூர்க் கல்யாணத்தை அப்படியே அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார் சாவி. கோபுலு தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். அந்தக் குடுமியும் மடிசாரும் அவர் தெருவில் பார்த்து வளர்ந்தவை. ஆகவேதான் ஒரு கோடுகூடப் பொய் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் அந்த வாரத்து விளம்பரம், பாதியில் வெட்டுப்பட்ட ஒரு துணுக்கு. அந்தத் துணுக்கின் மறுபாதியை நாமே யோசித்துச் சொல்ல வேண்டும் என்று அப்பா எங்களுக்குப் போட்டி வைப்பார். கார்த்தி, இதை எந்தப் புதிய பதிப்பில் வாங்கித் தருவாய்?

கார்த்தி: புரிகிறது அப்பா.

கலா: அதில் ஒரு சம்பந்திச் சண்டையும் வரும். அமெரிக்கக்காரர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக.

விஜயா: யாரைச் சொல்கிறாய்?

கலா: சாவியைச் சொல்கிறேன் அக்கா.

விஜயா: என் கல்யாணத்தில் காபி ஆறிவிட்டது என்று ஒரே ஒரு வார்த்தைதான் என் மாமியார் சொன்னார். அதை இத்தனை வருடமாகச் சண்டை என்கிறீர்கள்.

பாலு சித்தப்பா: காபி ஆறித்தான் இருந்தது.

*சனிக்கிழமை*

சேகர்: காலை வணக்கம். பேப்பர்காரர் 10 மணிக்கு வந்துவிடுவார். யாருக்கு எது என்று இன்னும் முடிவாகவில்லை. அண்ணா, திருச்சிக்கு எடுத்துப்போகிறீர்களா?

மூர்த்தி: என் வீட்டில் கரையான் தொல்லை. சுவர் வரைக்கும் வந்துவிட்டது. அங்கே வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. என் யோசனை இது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை அடிப்படையாகக் கொண்டு 1994இல் உருவானது. பழைய பத்திரிகைகளைப் போற்றிப் பாதுகாக்கிறவர்கள். விஜயா சென்னையில்தானே இருக்கிறாள், ஒரு நடை போய்க் கேட்கட்டும்.

விஜயா: நான் அடையாறு தாண்டியே மூன்று மாதம் ஆகிறது.

தீபா: நான் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கிறேன் பெரிய மாமா. பட்டியல் வேண்டும். யார் எழுதித் தருவார்கள்?

கார்த்தி: கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடலாம்.

சேகர்: யார் செய்வது?

கார்த்தி: செய்யலாம்.

கலா: நூலகத்துக்கு எல்லாமுமா? எனக்கு எஸ்.வி.வி.யின் ‘உல்லாஸ வேளை’ வேண்டும். அப்பா என்னை மடியில் வைத்துப் படித்தது.

மூர்த்தி: பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பது என் கருத்து, கலா. திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் எஸ்.வி.வி. கல்கிதான் அவரைத் தமிழுக்கு இழுத்துவந்தார். கல்கியும் எஸ்.வி.வி.யும் தேவனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் எதை எடுத்துக்கொண்டார் என்று தெரியும்.

கலா: பாலு சித்தப்பாவுக்கு மட்டும் மூன்று பிரியலாமா?

பாலு சித்தப்பா: நான் பெரியவன்.

மாலதி: நான் ஒன்று சொல்லலாமா? கடைசி இரண்டு மாதமும் மாமாவுக்குக் கண் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் இந்தப் பெட்டியிலிருந்துதான் ஏதாவது வாசிக்கச் சொல்வார். தேவனின் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ முழுவதும் வாசித்தேன். ஜூரிகள் வருகிற இடம் வந்தால் நிறுத்தி, மறுபடியும் வாசி என்பார். நான் வாசிக்கும் முன்பே சிரித்துவிடுவார். வாய்விட்டு. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு புத்தகம் வேண்டும். யாரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

கலா: மாலதி, எடுத்துக்கொள்.

விஜயா: அது உன்னுடையதுதான். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

மூர்த்தி: மாலதி, அவசியம் எடுத்துக்கொள். நீ வாசித்தது எனக்குத் தெரியாது. அப்பா சிரித்தார் என்று இன்றுதான் கேள்விப்படுகிறேன். ஞாயிற்றுக்கிழமை திதி முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு கூடத்தில் உட்கார்ந்து அந்த ஜூரிப் பகுதியை வாசித்துக் காட்டுவாயா?

மாலதி: சரி மாமா.

விஜயா: திதியன்று சிரிக்கலாமா?

பாலு சித்தப்பா: என் அண்ணனுக்குத் திதி. சிரிக்கலாம்.

சேகர்: பேப்பர்காரர் வாசலில் நிற்கிறார். செய்தித்தாள்களை மட்டும் போடுகிறேன். பெட்டி இப்போதைக்கு எங்கள் வாடகை வீட்டுக்கு வருகிறது. ஆனால் தை மாதத்துக்குள் யாராவது முடிவு சொல்ல வேண்டும்.

மூர்த்தி: நல்லது. அந்துருண்டை பழையதாகியிருக்கும், மாற்று. ஒவ்வொரு அடுக்கிலும் வசம்புத் துண்டு வை. சிவப்பு முதுகு நான்கையும் நிற்க வைக்காதே, தையல் விட்டுவிடும். படுக்க வை.

தீபா: பட்டியல் யார் எழுதுகிறீர்கள்?

கார்த்தி: ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

கலா: எஸ்.வி.வி. விஷயமும் ஞாயிற்றுக்கிழமைதான். நான் விட்டுவிடவில்லை.

மாலதி: சமையல்காரருக்கு 25 என்று சொல்லிவிட்டேன்.

பாலு சித்தப்பா: கார் எத்தனை மணிக்கு?